மலையை இழுத்தால் மாலை

வணக்கம் அண்ணா,

டிரம்ஸ் பதிவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நாங்கள் நால்வர், கோத்தகிரிக்காரர்கள். டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார். கிட்டார் வாசிப்பவர்களில் ஒருவர்தான் பாடுவார். முதல் ஆல்பத்தைக் கோவையில் மூன்றே நாளில் பதிவு செய்தோம். அந்தப் பாட்டுகள் ஆறு வருடம் மேடையில் வாசித்தவை. இரண்டாவதற்கு ஒன்பது பாட்டு, எல்லாம் இந்த எட்டு மாதத்தில் போட்டது. ஊருக்கு வெளியே ஒரு பழைய எஸ்டேட் பங்களா வாடகைக்குக் கிடைக்கிறது. ஹால் 18 அடிக்கு 14 அடி, மரத் தரை, தகரக் கூரை. அக்டோபர், நவம்பரில் பதிவு, பொங்கலுக்கு வெளியீடு என்று திட்டம். ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோக, எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் இருக்கிறது.

முதல் ஆல்பத்தில் வார்த்தை புரியவில்லை, சத்தமும் குறைவு என்றார்கள். கையில் இருக்கும் 40,000 ரூபாய்க்கு நல்ல கண்டன்சர் மைக் வாங்கலாமா? ஒரு பாட்டின் டெமோவில் இருக்கும் உயிர் திரும்பப் பதிவு செய்யும்போது வரவில்லை, என்ன செய்வது? கோத்தர் பழங்குடியினரின் திருவிழா ஒன்றில் போனில் பிடித்த கொள் (நாகஸ்வரம் போன்ற அவர்களின் ஊதுகுழல்) இசையை முதல் பாட்டின் தொடக்கத்தில் வைக்கலாமா? மூன்று டெமோக்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

ர., கோத்தகிரி

*

அன்புள்ள ர.,

மைக் வாங்காதீர்கள். வார்த்தை புரியாமல் போவதற்கு மைக் காரணமாக இருப்பது அபூர்வம். நீங்கள் அனுப்பிய டெமோக்களிலேயே காரணம் கேட்கிறது. ஒரு பாட்டில் ‘மலை’ என்ற சொல்லின் ‘ம’ ஒன்றரை பீட் நீள்கிறது. காதில் விழுவது ‘மாலை’. இரண்டு வரி தள்ளி ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகிவிட்டது.

ராக் குழுக்களில் முதலில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்கு) பிறக்கும். அதன் மேல் பாடகர் அர்த்தமில்லாத ஆங்கில ஒலிகளை முனகி மெட்டைப் பிடிப்பார். பிறகு அந்த மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை அடைப்பார்கள். ஆங்கிலத்தில் உயிரொலியை இழுத்தால் பெரும்பாலும் சொல் மாறாது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அளவு பிசகினால் வேறு சொல் வந்து நிற்கும். ஆறு வருடம் மேடையில் பாடும்போது இப்படிப்பட்ட இடங்களில் பாதியாவது தேய்ந்து சரியாகியிருக்கும். இரண்டாவது ஆல்பத்துக்கு அந்த ஆறு வருடம் கிடையாது. தானாக நடந்ததை இம்முறை உட்கார்ந்து செய்யவேண்டும். இரண்டாவது ஆல்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

க்ளிக்கை (தாளத்தை எண்ணும் டிக்டிக் ஒலி) போட்டுவிட்டு, மெட்டில்லாமல் வரிகளை வாசித்துப் பாருங்கள். 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 பீட்) வேகத்தில் ஒரு பீட் 429 மில்லி விநாடி, அரை பீட் 214. குறில் அந்த அரை பீட்டுக்குள் அடங்கட்டும். நீண்ட சுரம் விழும் இடத்தில் நெடில் வரவேண்டும், இல்லையென்றால் சொல்லின் கடைசி எழுத்து வரவேண்டும். ‘லை’யை எவ்வளவு இழுத்தாலும் மலை மலையாகவே இருக்கும். ம், ன், ல், ள் என்று முடியும் சொற்களை அந்த ஒற்றின் மேலேயே நீட்டலாம். வல்லினம் இரட்டிக்கும் இடம்தான் சிக்கல். ‘பட்டு’ என்பதன் நடுவில் ஒரு கணம் மௌனம் உண்டு. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்ட கிட்டார் அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் ‘படு’ என்றுதான் கேட்கும். மெய்யெழுத்துகளின் தெளிவு ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. டிஸ்டார்ஷனின் இரைச்சலும் அங்கேதான் குடியிருக்கிறது. சரணத்தில் கிட்டார் வாசிப்பவர்களில் ஒருவர் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கட்டும். மற்றவர் வரிகளுக்கு நடுவில் மட்டும் வாசிக்கட்டும். மிக்ஸிங்கில் ஈக்யூ போட்டு (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைத்து) சரிக்கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் சரியாகும், அவ்வளவுதான்.

பாட்டை முன்பு கேட்காத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். பத்து வரியில் இரண்டு தப்பினால் வரியைத் திருத்துங்கள். கூடவே பாட்டுக்கு ஒரு தாள்: வேகம், சுருதி, டியூனிங், எந்தப் பகுதி எத்தனை பார். நினைத்த வேகத்திலும், அதில் 4 பிபிஎம் கூட்டியும் குறைத்தும் ஒத்திகையில் வாசித்து, மறுநாள் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சுருதி, பாடகர் ஐந்தாவது தடவையும் திணறாமல் பாடக்கூடியதாக இருக்கவேண்டும். ஒன்பது தாளும் முடியாமல் பங்களாவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாதமும் தப்பு. கோத்தகிரி கிழக்குச் சரிவு. ஜூன், ஜூலை மழை கூடலூர் பக்கம் கொட்டினால், உங்களுக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. தகரக் கூரையில் விழும் மழை எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சல். பக்கத்தில் மைக் வைத்த டிரம்ஸ் அதை மீறிவிடும், குரலும் அகூஸ்டிக் கிட்டாரும் மீறாது. மென்பொருள் கொண்டு இரைச்சலை உருவினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகும். ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும், கிட்டாரின் கழுத்து அசையும், காலையில் கூட்டிய சுருதி மாலையில் நிற்காது.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குளிர் இருக்கும். குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், அறை சூடானால் இறங்கும். பதிவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அறையைச் சூடாக்கி, வாத்தியங்களைப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு டியூன் செய்யுங்கள். ஃபேன் ஹீட்டர் இரையும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் இரையாது. ஆனால் அது 2,000 வாட் இழுக்கும், பழைய பங்களா ஒயரிங்கில் ஆம்ப்ளிஃபையர் இருக்கும் லைனில் செருகவேண்டாம். கணப்பு அடுப்பு படத்தில் அழகு. பதிவில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்கும்.

வாடகை பேசுவதற்கு முன் ஓர் இரவு அங்கே தங்கி, ஹெட்போனில் மைக்கைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அருகில் தேயிலை ஃபாக்டரி இருந்தால் கொழுந்தை வாட்டும் ஃபேன்கள் இரவெல்லாம் ஓடும், அந்த உறுமல் மரத் தரை வழியாக ஏறும். அங்கே பெரிய மோட்டார் போடும்போது வோல்டேஜும் சரியலாம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, இன்டர்ஃபேஸில் இல்லை. அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் போதும். கிட்டார் கம்பியைத் தொடும்போது சுருக்கென்றால் வாசிப்பை நிறுத்தி எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹம் (உம்மென்ற மின் இரைச்சல்) வருகிறதென்று பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்து. அந்த ஹம்மைப் போக்க டிஐ பாக்ஸில் (வாத்தியத்தை நேரே இன்டர்ஃபேஸில் இணைக்கும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உண்டு.

ஹாலின் அளவு எனக்குக் கவலை தருகிறது. 14 அடி அகலத்தில் நிலையலை (சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வீங்கும் ஒலி) ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸில் எழும். பேஸின் அடிக்கம்பி ஈ (E) நோட்டு, 41 ஹெர்ட்ஸ். 18 அடி நீளத்தின் இரண்டாம் நிலையலை 62. அது பி (B) நோட்டு. கிட்டார் பாட்டுகள் பலவும் ஈ-யில் இருக்கும். அந்த இரண்டு நோட்டும் வீங்கி, மற்றவை மெலிந்து பதிவாகும். கம்பளி தொங்கவிட்டால் மேல் அலைவரிசைதான் குறையும், முட்டை அட்டை எதையும் செய்யாது. பேஸை ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் டிஐ வழியாக நேரே எடுங்கள். டிரம்ஸை ஹாலின் நட்டநடுவில் போடாதீர்கள். மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தைகளை இரண்டிரண்டாக நிறுத்துங்கள். இந்த அறையில் கண்டன்சர் மைக், குரலோடு அறையையும் சேர்த்தே எடுக்கும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலைந்து விரல் தள்ளி வைத்துப் பாடினாலே போதும். 40,000-ஐ டிரம்ஸுக்குப் புதுத் தோல், கம்பிகள், மிக்ஸிங் செய்பவரின் கூடுதல் நாட்கள் என்று செலவழியுங்கள்.

எட்டு இன்புட்: டிரம்ஸின் கிக், ஸ்னேர், இரண்டு டாம், இரண்டு ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே வைக்கும் மைக்), பேஸ், வழிகாட்டிக் குரல். ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் ஒரே சணல் கயிற்றால் அளந்து சம தூரத்தில் வையுங்கள். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒலி ஒரு மில்லி விநாடி பிந்தும். இரண்டையும் மோனோவில் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஸ்னேர் தகர டப்பா ஆகிவிடும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்பவர்களுக்கு வருவது மோனோதான். பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள், ஒலியின் உச்சம் −12 டெசிபெல் அருகில் இருக்கட்டும். எட்டு டிராக் நிமிடத்துக்கு 69 எம்பி. ஒன்பது பாட்டுக்கு எட்டு டேக், ஐந்து நிமிடம் வீதம் சுமார் 25 ஜிபி வரும். அன்றன்றைக்கு இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நான்கு நாள், கிட்டாருக்கு ஐந்து, குரலுக்கு ஏழு. குரல் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கோவையிலிருந்து ஆள் வந்தால் நீலகிரிக்குள் வர வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே முதல் கட்டாயம். சாமான் ஏற்றுவதை இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். காட்டுமாடும் கரடியும் நடக்கும் பாதையில் டிரம்ஸ் பெட்டியோடு நிற்கவேண்டாம் என்று கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

டெமோ நன்றாக இருந்தால் டெமோவையே ஆல்பத்தில் வையுங்கள். அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் முதல் ஆல்பத்தின் பதிவுச் செலவு 606.17 டாலர். இரண்டாவதான ‘நெவர்மைண்ட்’ 1991 மே, ஜூனில் கலிஃபோர்னியாவின் சவுண்ட் சிட்டியில் பெரிய செலவில் பதிவானது. ஆனால் அதிலுள்ள ‘பாலி’ 1990 ஏப்ரலில் மேடிசன் நகரின் ஸ்மார்ட் ஸ்டுடியோவில் எடுத்த பழைய பதிவு. நடுவில் டிரம்மர்கூட மாறிவிட்டார், இருந்தும் அதைத் திரும்பப் பதியவில்லை. உங்கள் டெமோவில் குரல் உடையாமல், சொல் புரிந்தால் தயக்கமே வேண்டாம்.

சத்தம் பற்றி: ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. −7 வரை நசுக்கிக் கொடுத்தால் அது 7 டெசிபெல் குறைத்துவிடும்; நசுங்கிய டிரம்ஸ் மட்டும் மிஞ்சும். −10 சுற்றி, ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) −1 என்று மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முன் கடைசி ஒலிச் சீரமைப்பு) கேளுங்கள்.

பொங்கலுக்குப் படப் பாட்டுகளோடு மோதவேண்டாம். ஏப்ரல் கடைசியில் விநியோகத் தளத்தில் ஏற்றி, ஜூனில் வெளியிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவிடம் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே அனுப்பவேண்டும். நாலு வாரம் இருந்தால் நல்லது. முன்னால் தனிப்பாட்டாக விடுவதற்கும் ஆல்பத்தில் வருவதற்கும் ஒரே ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) கொடுத்தால் கேட்பு எண்ணிக்கை சேர்ந்துகொள்ளும். குழுவின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பாட்டு வேறு யாரோ பக்கத்தில் போய் உட்காரும். யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்பதை ஏற்றுவதற்கு முன்பே நால்வரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு எழுதியவர்கள் ஐபிஆர்எஸ்ஸில் (அவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் அமைப்பு) தனித்தனியாக உறுப்பினர் ஆகவேண்டும்.

கொள் பதிவை அப்படியே வைக்காதீர்கள். கோத்தர்களிடம் தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டுகள் வேறு, இறப்புச் சடங்குக்கு வாசிக்கும் மெட்டுகள் வேறு. உங்கள் போனில் இருப்பது எது, எந்த நேரத்துக்கு உரியது என்று தெரியாமல் காதல் பாட்டின் தலையில் வைத்துவிட்டால் உங்கள் ஊரிலேயே முகத்தில் விழிக்கமுடியாது. மெட்டு மரபுவழி வந்ததாக இருக்கலாம், ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வாசித்தவருக்கு அந்த நிகழ்த்துதலின் மேல் 50 வருடம் உரிமை உண்டு. கோக்காலுக்கு (கோத்தர்களின் ஊர்) போய் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், எதை வாசிப்பது என்பதை அவர்களே சொல்லட்டும். எழுத்தில் ஒப்புதல், கையில் ஊதியம், ஆல்பத்தில் பெயர். அவர்கள் ஊரில், திறந்த வெளியில், சீவாளிக்கு நேரெதிரே வைக்காமல் ஓர் ஆள் தூரத்தில் மைக்கை வைத்துப் பதிவு செய்யுங்கள். கொள்ளின் சுரங்கள் உங்கள் டியூனரின் சமப் பிரிவில் உட்காராது. அதைக் கணினியில் திருத்தாதீர்கள். துளைகள் போட்டபடிதான் இருக்கும். கிட்டார் கம்பியை அதற்கேற்ப ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம்.