தத்தி தாங்கும் பருத்தி விதையை நாமே தெரிவு செய்யலாமா?

கேள்வி: மூதூர் கட்டைபறிச்சானில் அரை ஏக்கர் மேட்டுக்காணியில் பருத்தி போட்டிருக்கிறேன். மழை விட்டதும் இலை விளிம்பு மஞ்சளாகிச் சிவந்து கீழ்நோக்கிச் சுருள்கிறது. மருந்து அடித்தும் திரும்ப வருகிறது. ஆனால் இடையிடையே சில செடிகள் பச்சையாகவே நிற்கின்றன. அவற்றின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த போகம் பூச்சி தாங்குமா, ஐயா?

பதில்: தம்பி, இது இலைச்சாற்றை உறிஞ்சும் இலைத்தத்திப் பூச்சியின் வேலை. காலையில் மேல் இலையொன்றை மெல்லத் திருப்புங்கள், வெளிர்பச்சைக் குஞ்சுகள் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடும். பச்சையாக நிற்கும் செடியின் இலையையும் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். நரம்பில் நீளமான மயிர் அடர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். தத்தி நரம்புக்குள் செருகித்தான் முட்டையிடும், அந்த மயிர் அதற்குத் தடை. தென்னாபிரிக்காவில் 1920களில் தத்தி பருத்தியை அழித்தபோது, பார்பட்டனில் பார்னெல் என்ற ஆய்வாளர் மயிரடர்ந்த செடிகளைத் தெரிவு செய்துதான் யூ4 என்ற தத்தி தாங்கும் பருத்தி இனத்தை எடுத்தார்.

ஆகவே எடுத்து வைக்கலாம். ஆனால் ஒரு போகத்தில் முடிகிற காரியமில்லை. பச்சையாக நிற்பதில் சில, பூச்சி போய்ச் சேராததால் தப்பியவையாக இருக்கும். விதைப் பையில் கலப்பினம் என்றிருந்தால் அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரியும், அதற்கும் தயாராக இருங்கள்.

தெரிந்தெடுத்த செடிக்கு நாடா கட்டுங்கள். பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து விடும். மறுநாள் விரியப்போகும் மொட்டு மாலையில் வெண்மஞ்சளாக நீண்டு தெரியும். அதன் நுனியை நூலால் இறுக்கிக் கட்டி, நூலின் மறுமுனையைக் காம்பில் சுற்றிவிடுங்கள். இதழ் உதிர்ந்தாலும் எந்தக் காய் என்று நூல் காட்டும். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே வைத்து, செடிக்கொரு வரிசையாக விதையுங்கள். வரிசை முழுதும் பச்சையாக நின்றால்தான் குணம் விதையில் இருக்கிறது என்று நம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. மயிர் மிக அடர்ந்த செடியை வெள்ளை ஈயும், காய்ப்புழுவின் அந்துப்பூச்சியும் முட்டையிட விரும்பும். நடுத்தர மயிரும் நல்ல காய்ப்பும் உள்ளதையே எடுங்கள். இலையிலும் மொட்டிலும் காணும் கரும்புள்ளிகளில் கொசிப்போல் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. மொட்டில் அது கூடினால் காய்ப்புழு வளர்ச்சி குன்றும். விதையில் கூடினாலோ கோழிக்கும் இளங்கன்றுக்கும் நஞ்சு, அதனால் பருத்திக்கொட்டையை அவற்றுக்குப் போட வேண்டாம். இதுபோன்ற குணங்களை வேறு இனத்திலிருந்து கலப்புச் செய்து கொண்டுவருவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. நல்ல செடியைத் தெரிவு செய்வதோ உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த பெரும்போகத்தில் சோதனை வரிசைகளுக்கு மருந்தே அடிக்காதீர்கள். இடையிடையே ஒரு வரிசை வெண்டி போடுங்கள். தத்தி வெண்டியில் பெருகி எல்லாப் பருத்திக்கும் ஒரேயளவில் பரவும். அப்போது தாங்கி நிற்கும் வரிசை எதுவென்று பார்த்து, அதன் விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வையுங்கள்.