வாப்பாவின் எபோனைட் பேனா: நிப்பைத் தேய்க்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் சங்கு வியாபாரக் கணக்கு எழுத எங்கள் வாப்பா வைத்திருந்த கறுப்பு மைப்பேனா, இருபது வருடத்துக்கு மேல் இரும்பு பீரோவில் கிடந்தது. உடம்பு பழுப்பேறிவிட்டது. கிளிப்பில் பச்சைக் களிம்பு. நிப் மாட்டியிருக்கும் கழுத்தைத் திருகினால் அசையவில்லை. மை தொட்டு எழுதினால் தாளைக் கீறுகிறது. நிப்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள். தேய்க்கலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். நிப் நுனியில் பற்றவைத்திருக்கும், இரிடியம் எனப்படும் கடின உலோக மணி கடுகில் பாதிகூட இருக்காது. தரையில் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும், போனால் வராது. நெடுநாள் கிடந்த பேனாவில் தேய்மானம் என்று நினைப்பதில் பெரும்பகுதி காய்ந்த மையும், நிப்பின் இரண்டு பிளவுகள் ஏறி இறங்கி நிற்பதும்தான். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முதலில் பேனா எதனால் ஆனது என்று பாருங்கள். உடம்பைத் துணியால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து முகருங்கள். கந்தகம் கலந்த ரப்பர் வாசனை வந்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய கடின ரப்பர். பழுப்பேறியதும் அதைத்தான் காட்டுகிறது. வெளிச்சமும் ஈரமும் பட்டால் எபோனைட்டின் மேல்தோல் அப்படி நிறம் மாறும். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே கீழே சூடு பற்றிச் சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

அடுத்தது தண்ணீர். நம் கரையோர போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அதில் பேனாவைக் கழுவினால் மை போய், அந்த இடத்தில் வெள்ளைப்படிவு உட்காரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், எனவே லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கழுத்து இறுகியிருப்பது மரையில் மை காய்ந்ததால். குறடு போட்டால் எபோனைட் விரிசல் விடும். கழுத்தும் உடம்பும் சேரும் கோட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இரண்டு சொட்டு விடுங்கள். பிறகு ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றுங்கள். கன்னத்தில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும். பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை இரண்டு பக்கமும் சுற்றிப் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள். வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். மெழுகுவத்தி, அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கழன்றதும் முழுப் பேனாவையும் ஊறப்போடாதீர்கள், பழுப்பு இன்னும் ஏறும். சிறு குப்பியில் நிப் மட்டும் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, நிப் கீழே இருக்க நிறுத்துங்கள். மை நூல் நூலாக இறங்கும். நிறம் ஏறும்போதெல்லாம் தண்ணீரை மாற்றுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மி.லி. சிரிஞ்சை ஊசியில்லாமல் கழுத்தின் பின்புறம் வைத்து இடையிடையே தண்ணீரைத் தள்ளுங்கள். இரண்டு நாளுக்குப் பிறகும் கசடு வந்தால், 200 மி.லி. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டுக் கலந்து தள்ளி, நுரை அடங்கும்வரை வெறும் தண்ணீரால் அலசுங்கள். ப்ளூ பிளாக் மையின் துருநிறக் கறை மட்டும் இதற்கு மசியாது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கால் மணி நேரம் வைத்து அலசுங்கள். ஸ்டீல் நிப்பாக இருந்தால் அதற்கு மேல் வைக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் தண்ணீர் தடையில்லாமல் போகாவிட்டால் மட்டும் நிப்பைக் கழற்றுங்கள். நிப்பையும் அடியிலுள்ள கறுப்புக் கட்டையான நாக்கையும் ரப்பர் துண்டால் சேர்த்துப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் வளைத்தால் நாக்கு ஒடியும். நாக்கிலுள்ள கோடுகளை மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் போதும். ஊக்கோ ஊசியோ விட்டால் மை இறங்கும் நுண்வழி கீறிப்போய் ஓட்டம் தாறுமாறாகும்.

இப்போது கீறலுக்கு வருவோம். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியால் நிப் முனையை நேர் எதிரில் வைத்துப் பாருங்கள். இரண்டு பிளவுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறியிருந்தால் அதை நகத்தால் கீழ்நோக்கி மெல்ல அழுத்தி, இரண்டு விநாடி பிடித்து விட்டுப் பாருங்கள். மயிரிழை நகர்ந்தாலே எழுத்து மாறிவிடும், அதனால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பிளவுகளும் ஒட்டிக்கொண்டு மை வராவிட்டால் அவற்றின் நடுவே 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டைச் செருகி மெல்ல அசையுங்கள். பிளேடு வேண்டாம், அது உள்விளிம்பைச் சீவிவிடும். மட்டம் சரியான பிறகும் லேசாக உரசினால் 12,000 கிரிட் மைக்ரோமெஷ் என்னும் மிக நுண்ணிய மெருகுத்தாளை நனைத்து, அதன்மேல் அழுத்தமே கொடுக்காமல் நிப்பால் ஏழெட்டு முறை 8 வடிவில் எழுதுங்கள். ஒரு பக்கத்து மணியே இல்லையென்றால் மெனக்கெட வேண்டாம், நிப்பை மாற்றுங்கள். பழைய நிப்பைக் கையோடு சென்னை பாரிமுனைப் பேனாக் கடைகளுக்குக் கொண்டுபோனால் நீளமும் வளைவும் பார்த்துப் பொருத்துவார்கள்.

மாட்டும்போது நிப்புக்கும் நாக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மை விட்டுவிட்டு வரும். நாக்கு எபோனைட்டாக இருந்தால், கொதித்துச் சற்று ஆறிய, சுமார் 70 டிகிரி தண்ணீரில் இரண்டையும் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நாக்கை நிப்போடு சேர்த்து அழுத்தி, ஆறும்வரை பிடியுங்கள். பிளாஸ்டிக் நாக்குக்கு இது பலிக்காது.

கழுத்து மரையில் சிலிக்கோன் கிரீஸ் ஒரு கடுகளவு தடவுங்கள். தேங்காயெண்ணெயும் வாஸ்லினும் மையில் கலந்து நாக்கின் வழியில் படியும். அதன்மேல் மை ஓடாது. முதலில் தண்ணீர் நிரப்பி, டிஷ்யூ போட்ட டம்ளரில் இரவெல்லாம் தலைகீழாக நிறுத்துங்கள். கழுத்துக் கோட்டில் ஈரம் இல்லையென்றால் சாதாரண பிரில், கேமல் நீல மை ஊற்றலாம். படம் வரையும் இந்தியன் இங்க் ஊற்றினால், அதிலுள்ள அரக்கு காய்ந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். உடம்பில் மை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிரப்பிவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டிலும் கைச்சூட்டிலும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். காற்று அதிகமானால் பொட்டென்று சொட்டும்.

கிளிப்பின் களிம்பைப் புளியாலோ பற்பசையாலோ தேய்த்தால் தங்க முலாமும் சேர்ந்து போகும். உலர்ந்த பல்துலக்கியால் தட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, உடனே ஈரம் வாங்குங்கள். உடம்பின் பழுப்பை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. உப்புத்தாள் போட்டுக் கறுப்பாக்கலாம்தான், ஆனால் உடம்பில் வெட்டியிருக்கும் பெயரும் கோடுகளும் அழிந்துபோகும். வாப்பாவின் கை பட்ட தோலும் அதோடு போகும்.

எழுதாத நாட்களில் மையை வைத்திருக்காதீர்கள். அலசி, காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பொட்டலத்தை மாற்றுங்கள். கழுத்து மரையில் விரிசல் இருந்து மை கசிந்தால் பெவிக்விக் நிற்காது. எபோனைட் கம்பியில் புதுக் கழுத்து கடைந்து தரும் பேனாக் கடைசல்காரரிடம் கொடுங்கள், பழைய நிப்பையே அதில் மாட்டிக்கொள்ளலாம்.