சம்பளம் இல்லாத அந்த இரண்டு மணித்தியாலம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபடியே பேசியதில் பாதிதான் சொல்ல முடிந்தது. மஸ்கெலியா பஸ் வந்ததும் நீங்கள் ஓடிவிட்டீர்கள். மீதியை எழுதுகிறேன். சின்னவனை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது இரண்டு. கொழும்பில் வேலை கிடைத்த பிறகும் மகள் ஏன் ராத்திரி பத்து மணிக்கு மேல் சம்பளமில்லாத மென்பொருள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? வெளிநாட்டிலிருந்து அவளுக்குத் திருத்தம் சொல்கிற அந்த 'வழிகாட்டி' யார்? இரண்டாவதை மெதுவாகத்தான் கேட்டீர்கள். உங்களுக்குத் தூக்கம் போனது அதனால்தான் என்று எனக்குப் பட்டது.

சம்பளமில்லாத வேலை என்றால் உங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பதை வருஷக் கணக்காகப் பார்த்தவர் நீங்கள். "ஆறு மாதம் சும்மா செய், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு கம்பனி சொன்னால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த உழைப்பு கம்பனிக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

மகள் செய்வதைத் திறந்த மூல மென்பொருள் என்பார்கள். அதன் நிரல், அதாவது கணினிக்கு எழுதும் கட்டளைகள், முழுவதும் எல்லாரும் பார்க்கத் திறந்து கிடக்கும். பிழை கண்டவர் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாக இருப்பவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் அது மென்பொருளோடு சேரும். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பது 'கிட்' என்ற கருவியில் பெயரோடு பதிவாகிவிடும். கம்பனிக்கு எழுதிய நிரலை அவள் வேறு யாருக்கும் காட்ட முடியாது. இதைக் காட்டலாம், நாளைக்கு வேறு கம்பனிக்குப் போனாலும் காட்டலாம்.

இது நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. கொழும்புப் பிள்ளைக்கு ஒரு கம்பனியில் சித்தப்பா இருப்பார், இன்னொன்றில் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் இருப்பார். "இந்தப் பிள்ளை நல்லாச் செய்யும்" என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து போன பிள்ளைக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவளுடைய திருத்தங்களை ஒரு வருஷம் பார்த்த நாலு பேர் இருந்தால், அவர்கள் சொல்வார்கள்.

இது இலங்கைக்குப் புதிதும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களைப் பதியவும் முகாம்களின் தேவைகளைக் கணக்கெடுக்கவும் கொழும்பில் தன்னார்வலர்கள் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். மறுவருஷம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கேயும் அது பயன்பட்டது. அதே 2005இல் கூகுள் 'சம்மர் ஒஃப் கோட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. திறந்த மூல வேலைக்கு உதவித்தொகையும் கொடுத்து, ஒரு வழிகாட்டியையும் சேர்த்துவிடுவார்கள். முதல் பத்து வருஷக் கணக்கில், உலகத்திலேயே அதிக மாணவர்கள் இதில் சேர்ந்த பல்கலைக்கழகம் நம் மொரட்டுவைதான். ஒரு வருஷம் தெரிவானவர் அடுத்த வருஷம் தம்பி தங்கைகளின் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 18 வயது நிரம்பிய, திறந்த மூலத்துக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். மகள் தள்ளிப்போடாமல் இப்போதே பார்க்கட்டும், அனுபவம் கூடிவிட்டால் புதியவர் என்று சொல்ல முடியாது.

இனி அந்த வழிகாட்டி விஷயம். நீங்கள் முதன்முதலில் மலைக்குப் போனபோது பக்கத்து நிரையில் நின்ற யாரோ ஒரு பெரியம்மா கையைத் தட்டி, "அது முத்தின இலை, விடு" என்று சொல்லியிருப்பார் இல்லையா? வழிகாட்டி செய்வதும் அதுதான். அவள் அனுப்பிய நிரலில் இந்த வரி ஏன், இது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சோதனை நிரல் எழுதினாயா, இந்தப் பெயர் புரியவில்லையே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். முதல் தடவை மனம் உடையும். போர்டிங்கில் அழுதிருந்தாலும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். நல்ல பக்கமும் உண்டு. எல்லாம் எழுத்தில் நடக்கிறது. கூட்டத்தில் ஆங்கிலம் பேசக் கூசுகிற நம் பிள்ளைகள், எழுத்தென்றால் யோசித்து, சரிபார்த்து, நிமிர்ந்து பதில் சொல்கிறார்கள். ராத்திரி நேரம் ஆவதற்குக் காரணம் அவர் ஐரோப்பாவில் இருப்பது. இங்கே பத்து மணி என்றால் அங்கே இன்னும் பொழுது சாயும் நேரம்தான்.

ஆனாலும் உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அவர் எழுதுவதை மற்றவர்களும் பார்க்க முடியுமா?" ஆமென்றால் நல்லது. திருத்தம் பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தனியாக வாட்ஸ்அப்புக்கு வா, படம் அனுப்பு, பணம் கட்டினால் வேலை எடுத்துத் தருகிறேன், இதை யாருக்கும் சொல்லாதே என்று எவராவது சொன்னால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். பெரிய திட்டங்களில் நடத்தை விதிகளும், முறையிட ஆட்களும் உண்டு. அந்தப் பக்கத்தை அவள் வாசித்துவைப்பது நல்லது.

இன்னொன்று, இது மகளுக்கு. நியமனக் கடிதத்தில் வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார். சந்தேகம் இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. கம்பனி லேப்டொப்பில் இதைச் செய்யாதே. கிழமைக்கு இரண்டு ராத்திரி, இரண்டிரண்டு மணித்தியாலம் போதும். பத்துத் திட்டங்களில் பெயரைப் போட்டுவிட்டு ஓடுவதைவிட ஒன்றிலேயே ஒரு வருஷம் நில்.

எங்கே தொடங்குவது என்று உன் சிநேகிதிகள் கேட்டால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் காட்டு. யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. தோட்டத்தில் எந்த டிவிஷனுக்கு எந்தக் குறுக்குப் பாதை, மழையில் எந்தப் பாலம் மூழ்கும் என்பது கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அக்கா, ஒரு விஷயம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் பண்டாரவளைப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் கண்விழித்துக்கொண்டிருந்தான். "இதை விட்டுவிட்டு இன்னொரு சான்றிதழ் எடு தம்பி" என்று நான்தான் சொன்னேன். அவனும் கேட்டான். நேர்முகத் தேர்வில், "நீங்கள் செய்த ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள்" என்றார்களாம். அவன் கோப்பைத் திறந்து சான்றிதழ்களை எடுத்து வைத்தான். பிறகு வேலை கிடைத்தது, தாமதமாக. அன்றிலிருந்து அந்தப் புத்திமதியை யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்த போயா லீவுக்கு மகள் வந்தால் லேப்டொப்போடு இங்கே கூட்டி வாருங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட அவளுடைய திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல்வோம், அந்த ஆள் எழுதியதையும் சேர்த்து. ஆங்கிலத்தில் இருப்பதை அவளே உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். பகல் பஸ்ஸில் வந்தால் சாப்பிட்டுவிட்டே போகலாம்.