வாங்கிய விமானத்தை ஓட்டிக்கொண்டே வீடு திரும்பலாமா?

கேள்வி: 1978ஆம் ஆண்டின் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மலைத்தொடர், ஆற்றுப் பள்ளத்தாக்கு, கடற்கரை என்று பார்த்துக்கொண்டே அதை வீட்டுக்கு ஓட்டி வர ஆசை. சுற்றுவழியையும் சேர்த்தால் சுமார் 1,800 கடல் மைல். மனைவியும் உடன் வருகிறார். தனியார் விமானி உரிமம் உண்டு. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி இல்லை. நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: நான்கு நாள் போதாது. உங்கள் விமானம் 105 நாட் (மணிக்கு 105 கடல் மைல்) வேகத்தில் போகும் என்று வைத்தால் 17 மணி நேரப் பறப்பு. 20 நாட் எதிர்க்காற்று கிடைத்தால் அதுவே 21 மணி நேரம் ஆகிவிடும். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பறந்தால் களைப்பில் கவனம் சிதறும். வேடிக்கை பார்க்கவும் மனம் இருக்காது. மேகம் தாழ்ந்தால் தரையில் காத்திருப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழியும் இல்லை. எட்டு நாளாவது ஒதுக்குங்கள். வீட்டில் தேதி சொல்லாதீர்கள். தேவைப்பட்டால் வழியில் ஏதாவது ஒரு விமான நிலையத்தில் விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்புவது என்று இருவரும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க, மோசமான வானிலையும் பறக்கக்கூடியதுபோலத் தோன்ற ஆரம்பிக்கும். அனுபவசாலிகளையும் பலிவாங்கிய எண்ணம் அது.

அடுத்து, பாதையின் வரிசை. வாங்கிய விமானத்தை நீங்கள் இன்னும் அறியவில்லை. ஆகவே காட்சி மிகுந்த பகுதிகளைப் பயணத்தின் பின்பாதிக்குத் தள்ளுங்கள். முன்பாதி சமவெளிமேல், நெடுஞ்சாலையை ஒட்டி, விமான நிலையங்கள் நெருக்கமாக உள்ள வழியாக இருக்கட்டும். வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே மலை இருந்தால், முதல் நாள் முழுவதும் அந்த ஓடுபாதையைச் சுற்றியே பறந்து பழகுங்கள்.

அந்த முதல் மணி நேரங்களில் என்ன பார்ப்பது? எரிபொருள்தான் முதலில். பழைய செஸ்னாவின் எரிபொருள் முள்ளை நான் நம்புவதே இல்லை. அளவுக்கோலைத் தொட்டிக்குள் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை மணி பறந்தீர்கள் என்று எழுதுங்கள். சாதாரணத் தொட்டியில் பயன்படுத்தக்கூடியது சுமார் 151 லிட்டர். மணிக்கு 32 லிட்டர் செலவானால் கணக்கில் நாலரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் வரும். நீங்களோ இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் உட்கார முதுகும் ஒப்பாது.

பிறகு எஞ்சின். உங்கள் மாடலில் வழக்கமாக இருக்கும் லைகமிங் ஓ-320-எச்2ஏடி எஞ்சினுக்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேய்மானம் பழைய தலைவலி. நெடுநாள் ஓடாமல் நின்ற எஞ்சின் என்றால் உள்ளே துருப்பிடித்திருக்கவும் கூடும். கிளம்பும் முன் எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்த்து, உலோகத் துகள் உண்டா என்று மெக்கானிக்கிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். விற்றவரின் மெக்கானிக் வேண்டாம். நீங்களே அமர்த்திய ஒருவராக இருக்கட்டும். பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும் நடைமுறைக்கு வந்த பிறகே தரையைவிட்டு எழும்ப வேண்டும்.

மலைப்பகுதிக்கு வருவோம். இங்கே முதலில் கணக்கிட வேண்டியது அடர்த்தி உயரம், அதாவது வெப்பத்தில் காற்று மெலியும்போது விமானம் இருப்பதுபோல நடந்துகொள்ளும் உயரம். 6,000 அடி உயரத்தில் உள்ள ஓடுபாதையில் இயல்பான வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ். கோடைப் பிற்பகலில் 30 டிகிரி இருந்தால் வித்தியாசம் 27. டிகிரிக்குச் சுமார் 120 அடி என்று கூட்டினால், விமானம் 9,200 அடிக்கு மேலே இருப்பதுபோல நடந்துகொள்ளும். மேலெழும்ப ஓட வேண்டிய தூரம் நீண்டுகொண்டே போகும். ஏறும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும். எனவே பொழுது விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் மலையைக் கடந்துவிடுங்கள். எரிபொருள் கலவையை மெலிதாக்கிய (காற்றோடு சேரும் எரிபொருளைக் குறைத்த) பிறகே ஓடுபாதையில் வேகம் எடுங்கள்.

முகட்டை நேராக நெருங்காமல் 45 டிகிரி கோணத்தில் நெருங்குங்கள். காற்று கீழே அழுத்தினால் சிறு திருப்பத்தில் தப்பிவிடலாம். முகட்டுக்கு மேல் குறைந்தது 2,000 அடி இடைவெளி வேண்டும். முகட்டு உயரத்தில் காற்று 25 நாட்டைத் தாண்டினால் அன்று மலை வேண்டாம். வில்லை வடிவ மேகங்கள் அசையாமல் நின்றாலும் அப்படியே. பள்ளத்தாக்கில் நடுவே போகாமல் ஓரமாகப் போனால், திரும்ப வேண்டியபோது முழு அகலமும் உங்களுக்குக் கிடைக்கும். அடிவாரத்தில் நுழைந்து மேல்நோக்கி ஏறிப் போகாதீர்கள். தரை உங்களைவிட வேகமாக உயரும்.

கடற்கரைக்கு நேரக் கணக்கு தலைகீழ். விடியலில் கடல்மூட்டமும் தாழ்மேகமும் மூடியிருக்கும். முற்பகல் கழிந்த பிறகு பெரும்பாலும் விலகும். எஞ்சின் நின்றால் 3,000 அடியிலிருந்து அமைதியான காற்றில் சுமார் நாலரை கடல் மைல் மிதந்து வரலாம். கரை எப்போதும் அதற்குள் இருக்கட்டும். உயிர்காப்புச் சட்டையைப் பின்சீட்டில் வைக்காமல் உடலில் அணிந்திருங்கள்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அருவியோ கோட்டையோ கண்ணில் பட்டதும், படம் எடுப்பதற்காகத் தாழ்ந்து, வேகம் குறைத்து, இறுக்கமாக வட்டமடிக்கத் தோன்றும். பார்வை தரையில் இருக்கும்போது வேகம் குறைவது தெரியாது; சாய்ந்த நிலையில் இறக்கை தாங்குதிறனை இழந்தால் மீட்க உயரம் இருக்காது. தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே இறங்காமல் அகலமாக ஒரு சுற்று போதும். கேமரா மனைவியின் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, முதல் இரண்டு நாளுக்கு இந்த ரக விமானத்தில் பழகிய பயிற்றுநர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மனைவி சமவெளி முடியும் ஊரில் வந்து ஏறிக்கொள்ளலாம், எடையும் குறையும். பெயர் மாற்றக் காகிதம் கைக்கு வருவதற்குள் அந்தப் பயிற்றுநரைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.