வாரன் மூன் விட்டுக்கொடுக்காத இடம்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தை விரும்பிப் பார்ப்பதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்த ஆட்டத்தில் உங்களுக்குப் பிடித்த வீரர் யார், ஏன்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வாரன் மூன். இதற்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

அவர் ஆடியது குவார்ட்டர்பேக் என்ற இடத்தில். பந்து கைக்கு வந்ததும் மூன்று விநாடி கிடைத்தால் பெரிது. நூறு கிலோவைத் தாண்டிய நான்கைந்து பேர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவர்கள் பக்கம் பார்வையைத் திருப்பாமல், தொலைவில் ஓடும் தன் அணிக்காரர் அடுத்த நொடி எங்கே இருப்பார் என்று கணித்துப் பந்தை எறிய வேண்டும். அணியின் மூளை அந்த இடம்தான். அந்த வேலை கறுப்பினத்தவருக்கு வராது என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பினப் பையனைக் கல்லூரியில் பந்து பிடிக்கவோ ஓடவோ அனுப்பிவிடுவார்கள்.

மூன் அதற்கு இணங்கவில்லை. 1956-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாய் நர்ஸ், ஆறு சகோதரிகளுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. உள்ளூரின் சிறிய கல்லூரி ஒன்றில் ஓராண்டு ஆடிவிட்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சியாட்டிலில் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். 1978 ஜனவரி 2-இல் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரிப் போட்டியில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 27-20 என்று வென்று, ஆட்டநாயகனாகவும் நின்றார்.

கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வு அந்த ஆண்டு 12 சுற்று நடந்தது. எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அதே தேர்வில் டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பின குவார்ட்டர்பேக் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவு அடைத்திருக்கவில்லை, ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. மூன் அந்த நாள்வரை காத்திருக்கவும் இல்லை; சில வாரங்களுக்கு முன்பே கனடாவின் எட்மன்டன் அணியில் கையெழுத்திட்டுவிட்டார். தன் இடத்தை விட்டுக்கொடுப்பதைவிட நாட்டை விட்டுப் போவது மேல் என்று 21 வயதில் முடிவெடுத்தாரே, அதற்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

எட்மன்டன் 1978 முதல் 1982 வரை கனடாவின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1983-இல் மூனின் எறிதல்கள் அணிக்குச் சேர்த்த தூரம் மொத்தம் 5,648 கெஜம். அதன்பின் அமெரிக்க அணிகளே அவரைத் தேடி வந்தன. 1984-இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியில் சேர்ந்தார்.

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான். அங்கே பழைய ரசிகர்களிடம் 'பஃபலோ' என்று சொன்னாலே முகம் வாடிவிடுகிறதாம். என்ன காரணம்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த முகங்களில் என் அண்ணன் முகமும் ஒன்று.

1993 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஹூஸ்டனில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். பஃபலோ நகரில் அந்த ஊர் அணிக்கும் ஹூஸ்டனுக்கும் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பாதியிலேயே மூன் எறிந்த நான்கு பந்துகள் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஆயின. இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் ஹூஸ்டன் 35-3 என்று முன்னிலை. "இனி என்ன இருக்கிறது, வா, சாப்பிடலாம்" என்று எழுந்தார் அண்ணன். அண்ணி டிவிக்கு முன்னாலேயே தட்டு வைத்தார். சாம்பார் சாதம் முடிவதற்குள் பஃபலோ புள்ளிகளை எடுக்கத் தொடங்கிவிட்டது. ரசம் ஊற்றிப் பிசைந்த கை அப்படியே நின்றது. அந்த மூன்றாவது கால்பகுதியில் மட்டும் பஃபலோவுக்கு 28 புள்ளி. கடைசியில் பஃபலோ முந்தியும்விட்டது. அப்போதும் மூன் அணியை நடத்திக்கொண்டுபோய், 12 விநாடி மிச்சமிருக்கையில் 38-38 என்று சமன்செய்ய வழி செய்தார். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த பந்து எதிரணிக்காரர் கையில் சிக்கியது. பஃபலோ மூன்று புள்ளி உதையில் வென்றது: 41-38. யாரும் பேசவில்லை. கையில் சோறு காய்ந்து ஒட்டிப்போயிருந்ததை அண்ணி சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் முதல் பலரும் மூனைப் பழித்தார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடைசிப் பந்து அவர் தவறுதான். ஆனால், அன்று 50 எறிதலில் 36 சரியாகச் சேர்த்தவர், 371 கெஜம் எடுத்துக்கொடுத்தவர் அவர். 32 புள்ளி முன்னிலையைக் கரையவிட்டது தடுப்பு அணி.

இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை அமையவில்லை. ஆனால், 40 வயதில் சியாட்டில் அணிக்கு வந்து ஒரே சீசனில் 25 டச்டவுன் எறிந்தார். கல்லூரி நாளில் அவரைக் கூச்சலிட்டு விரட்டிய அதே ஊர், இம்முறை எழுந்து நின்று கைதட்டியது. 2006-இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழரங்கில் இடம் பெற்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார். அன்று இரவு அண்ணன் ஹூஸ்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "பார்த்தாயா?" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.