பெரிய கோயில் நிழல் தரையில் விழுமா?

விழும். வீடியோவில் பார்த்ததை வைத்து உங்கள் மகள் பள்ளிக் கட்டுரையில் எழுதிய "தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்குப் போனால், பிராகாரத்தில் நீண்டு கிடக்கும் அந்த நிழலில்தான் சனம் உட்கார்ந்திருக்கும்.

வீடியோக்காரர் உச்சிவேளையில் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். விமானமோ அடி அகன்று மேலே குறுகுவது. அதனால் நிழல் கோயிலின் மேலேயே அடங்கிவிடும். அன்று எந்தக் கோபுரத்துக்கும், ஏன், உங்கள் வீட்டுத் தென்னைக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

சோதிக்க வேண்டுமா? டிசம்பர் விடுமுறையில் பகல் 12.15-க்கு வடபுறம், சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் நின்று பாருங்கள். அப்போது சூரியன் சுமார் 56 பாகை உயரத்தில்தான் இருக்கும். 216 அடி விமானத்தின் உச்சி நிழல் நடுவிலிருந்து 145 அடி தள்ளி விழ வேண்டும். அடித்தளத்தின் பாதி அகலம் சுமார் 50 அடிதான். மிச்சம் தரையில்தானே?

ஒன்று மட்டும்: நிழல் கதை பொய் என்பதால் வீடியோவில் சொன்ன எல்லாமே பொய் என்று தள்ளிவிடாதீர்கள். ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கும் ஸ்தூபிக் குடத்தைக் கொடுத்த செய்தி அங்கேயே கல்வெட்டில் இருக்கிறது. கட்டுரையில் அந்த வரிக்குப் பதிலாக இதை எழுதச் சொல்லுங்கள்.