கடையை மூடாதீர்கள், நகையைத் திருப்பி வைப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: ராமேஸ்வரத்தில் ஒரு சந்தில் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். சித்தப்பாவின் பழைய கருவாட்டுக் கிட்டங்கி அது, மாதம் 5,000 வாடகை. புதுசும் பழசும் விற்கிறேன், கடலுக்குப் போகிறவர்களுக்கு நாவல்களை வாடகைக்கும் கொடுக்கிறேன். மாதம் 80,000 ரூபாய்க்கு விற்கிறது. வீட்டுச் செலவு கணவர் சம்பளத்தில் ஓடிவிடும். 2021 மார்ச்சில் கடைக்காக 11 பவுனை ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் வைத்து 2 லட்சம் வாங்கினேன், 12% வட்டி. வருடா வருடம் வட்டியையும் கடனோடு சேர்த்து அதே நகையை மறுபடி அடகு வைத்து (திருப்பி வைத்து) வருகிறேன், நடுவில் தம்பிக்கும் நாலு முறை கொடுத்தேன். கடன் இப்போது 5,46,000 ஆகிவிட்டது. ரயில் நின்ற காலத்தில் வியாபாரம் படுத்ததுதான் காரணம், கடையை மூடு என்கிறார்கள் வீட்டில். தம்பி இப்போது ஒரு நாட்டுப்படகில் பங்கு வாங்க 1 லட்சம் கேட்கிறான். நகை போய்விடுமோ என்ற பயத்தில் ஒன்றரை வருடமாகச் செயலியில் தினமும் 100 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் வாங்குகிறேன், 75,000 காட்டுகிறது. அதை 200 ஆக்கலாமா, கடையை மூடலாமா?

பதில்: கடையை மூட வேண்டாம். டிஜிட்டல் தங்கத்தை 200 ஆக்கவும் வேண்டாம், 100 ரூபாய்க்கு வாங்குவதையே இன்றோடு நிறுத்துங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், ஆனால் முதலில் நீங்கள் இணைத்து அனுப்பிய அடகு ரசீதுகளைப் பார்ப்போம், ஏனென்றால் வீட்டில் யாரும் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

2 லட்சத்துக்கு முதல் வருட வட்டி 24,000. அதைக் கட்டாமல் அசலோடு சேர்த்துத் திருப்பி வைத்தீர்கள், கூடவே தம்பியின் இன்ஜின் வேலைக்கு 50,000. ஆக 2,74,000. அடுத்த வருடம் வட்டி சுமார் 33,000, தம்பிக்கு 60,000, மொத்தம் 3,67,000. மூன்றாம் வருடம் வட்டி 44,000, தம்பிக்கு 50,000. நான்காம் வருடம் வட்டி 55,000, தம்பிக்கு 30,000. கூட்டிப் பாருங்கள். கடைக்காக வாங்கியது 2,00,000. தம்பிக்குப் போனது 1,90,000. கட்டாத வட்டி 1,56,000. இதில் புத்தகக் கடையின் நஷ்டம் என்று எந்த வரியைக் காட்டுவார்கள்?

ரயில் நின்றதால் உங்களுக்கு அடி விழுந்தது உண்மைதான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் தீவுக்கு மறுபடி ரயில் வந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலே யாத்திரைக் கூட்டம் குறைந்தால் எந்தக் கடையும் தள்ளாடும். ஆனால் அந்தக் காலத்திலும் உங்கள் கடை வாடகையைக் கொடுத்திருக்கிறது, பதிப்பகங்களுக்குப் பாக்கி வைக்கவில்லை. இப்போது 80,000 விற்பனையில் 100 ரூபாய்க்கு 30 நின்றால் 24,000. வாடகை, உதவிக்கு வரும் பையன், கரண்ட், பார்சல் எல்லாம் சேர்த்து 10,000 போனாலும் 14,000 கையில். உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து அட்டை பழுப்பேறி விற்காமல் கிடப்பவற்றை எடைக்குப் போடாமல் பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் இன்னும் கொஞ்சம் வரும். உங்கள் ஊரில் விடிய விடியக் கடலில் கிடக்கிற ஒரு ஆள் வாடகைக்கு நாவல் எடுத்துக்கொண்டு போய், நனைந்த பக்கத்தோடு திருப்பிக் கொண்டுவந்து அடுத்த பாகம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அப்படிப்பட்ட கடையைத் தப்பான கணக்கை வைத்து மூடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

சரி, கெடுப்பது எது? திருப்பி வைக்கும் பழக்கம். தங்கம் விலை ஏற ஏற நிறுவனத்திலிருந்து போன் வரும், "மேடம், அதே நகைக்கு இன்னும் கிடைக்கும்" என்று. கிடைப்பது உங்கள் பணம் இல்லை, கடன். ஒரு பைசா அசல் குறையாமல், ஒரு கிராம் நகை வீட்டுக்கு வராமல், ரசீதில் தேதி மட்டும் மாறுகிறது. சேர்ந்திருக்கும் வட்டியைக் கட்டினால்தான் இந்த மாதிரிக் கடனைப் புதுப்பிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதி போட்டது. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள், ஒருநாள் கைமாற்று வாங்கி மீட்டு அதே நாளில் கூடுதல் தொகைக்கு வைக்கிறார்கள், கைமாற்றுக்குத் தனி வட்டி வேறு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டிஜிட்டல் தங்கத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் சொந்தத் தங்கத்துக்கு 12% வட்டி, இன்னொரு பக்கம் 3% ஜிஎஸ்டி கட்டிப் புதுத் தங்கம், விற்கப் போனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இன்னொரு வெட்டு. இப்போது லாபம் காட்டுகிறது, சரி. ஏறியது தங்கத்தின் விலை, அந்த ஏற்றம் அடகில் இருக்கும் 11 பவுனுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. இனியும் இப்படியே ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 12% வட்டி ஏறும் என்பது உங்கள் கையெழுத்தோடு எழுதியே இருக்கிறது. இந்த டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2025 நவம்பரில் எச்சரிக்கை விட்டது, விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்த 75,000-ஐ விற்றுவிடுங்கள். வருகிற மார்ச்சில் இந்த வருட வட்டி 65,500 கட்ட வேண்டும், அதை இதிலிருந்து கட்டுங்கள். அன்றைக்கே இன்னொன்றும் செய்ய வேண்டும். 11 பவுனும் ஒரே ரசீதில் இருப்பதால்தான் மொத்தத்தையும் கட்டாமல் ஒரு மோதிரம்கூட வெளியே வராமல் நிற்கிறது. புதுப்பிக்கும்போது நாலைந்து தனிக் கடனாகப் பிரித்துக் கேளுங்கள், அதில் மூன்று கடன் ஒவ்வொரு பவுனுக்கு இருக்கட்டும். வேறு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வட்டி 2% குறைவாகக் கிடைத்தால் வருடம் 10,900 மிச்சம், அதையும் விசாரியுங்கள்.

அப்புறம் மனசு கஷ்டப்படும் ஒரு விஷயம். மூன்று பவுனை விற்றுவிடுங்கள். தாலியையும் அம்மா கொடுத்ததையும் தொட வேண்டாம், மற்றதில் பாருங்கள். இன்றைய கடனில் ஒரு பவுனுக்குச் சுமார் 50,000 நிற்கிறது. விற்றால் கழிவு போக ஒரு பவுனுக்குக் கையில் 85,000 வரும் என்று குறைத்தே வைக்கிறேன். முதல் பவுனை மீட்க 50,000 வேண்டும், அதை ஒரு வாரத்துக்கு வட்டியில்லாமல் தம்பி புரட்டித் தரட்டும், அவனுக்கு அந்தக் கடமை இருக்கிறது. அதை விற்ற பணத்தில் அடுத்தது, அதை விற்று மூன்றாவது. கைமாற்றைத் திருப்பிக் கொடுத்து மிச்சத்தைக் கடனில் கட்டினால் 8 பவுன் மேல் 2,91,000 மட்டும் நிற்கும். மாதம் 8,000 கட்டினால் நாலு வருடத்துக்குள் முடியும். விற்காமல் அதே 8,000 கட்டினால் ஒன்பது வருடத்துக்கும் மேலே ஆகும், ஏனென்றால் அதில் 5,460 வட்டிக்கே போய்விடும்.

தம்பியைப் பற்றி. அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அது போக ஸ்ட்ரைக், எல்லையில் பிடித்துப் போகும் பயம், கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வரவு மாறுகிற தொழில். வலைக்கு நல்ல மீன் வந்தால் அக்கா வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுவருகிறான் என்கிறீர்கள். ஆனால் தடைக்காலம் வருடா வருடம் அதே தேதியில் வருகிறது, அதற்கு ஒவ்வொரு முறையும் உங்கள் நகை பதில் சொல்ல முடியாது. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவன் 1,500 கட்டினால் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 போடுகின்றன. இவற்றில் பதிந்திருக்கிறானா என்று பாருங்கள். நீங்கள் கல்லாவிலிருந்து மாதம் 1,000 தனியாக எடுத்து வையுங்கள், ஏப்ரலில் 12,000 இருக்கும், அதைத் திரும்பக் கேட்காத பணமாகவே கொடுங்கள். படகுப் பங்குக்கு 1 லட்சம் கிடையாது. ஏற்கனவே வாங்கிய 1,90,000-க்கு மாத வட்டி 1,900 ஆகிறது, கடலுக்குப் போகும் மாதங்களில் அதையாவது அவன் நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும். இதைக் கணவரை வைத்துக்கொண்டு, ரசீதுகளை விரித்துப் போட்டுப் பேசுங்கள், போனில் வேண்டாம், போனில் பேசினால் நீங்கள் சரி என்று சொல்லிவிடுவீர்கள்.

மார்ச்சுக்கு முன்னால் ஒரு நாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நிறுவனத்துக்குப் போய், பிரித்துத் தருவார்களா, பிரிக்கக் கட்டணம் உண்டா, பகுதிப் பணம் கட்டினால் பகுதி நகை வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் பாம்பனிலோ ராமநாதபுரத்திலோ ஒரு வங்கியில் இதே மூன்று கேள்வியைக் கேளுங்கள்.